புத்தகத்துக்குள் போய் ஒளிந்துகொண்ட பதினான்கு மாதம்

2022 செப்டம்பர் 20. ஜிஎஸ்டி வேலை பார்ப்பவர்களுக்கு 20ஆம் தேதி என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மாதாந்தர 3பி ரிட்டர்ன் போடக் கடைசி நாள். போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கும், ஓடிபி வராது, பார்ட்டிகள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் பில்லையே அனுப்புவார்கள். திருச்சியில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் அப்போது எனக்குப் பதினொரு வருஷ சர்வீஸ். அன்று மாலை லால்குடிப் பக்கம் ஊரிலிருந்து அப்பா நான்கு தடவை போன் செய்திருந்தார். வேலை முடிந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று சைலண்டில் போட்டுவிட்டேன். எட்டு மணிக்கு ஐந்தாவது அழைப்பு வந்தது. அப்பா நம்பர்தான். பேசியது பக்கத்து வீட்டு அண்ணன்.

அப்பா ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். எழுபத்தோரு வயது, சர்க்கரை, மாரடைப்பு. ஊர் வழக்கப்படி எல்லாம் நடந்தது. கொள்ளி வைத்தேன், காடாற்றினேன், பதினாறாம் நாள் காரியம் முடித்தேன். ஒரு சொட்டு அழவில்லை. "கல்லு மாதிரி நிக்கிறான் பாரு" என்று அத்தை சொன்னது காதில் விழுந்தது. திரும்பி வந்து ஆபீஸில் உட்கார்ந்தபோது அக்டோபர் 20 வந்துவிட்டது. அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தக் கேள்வி வந்தது. இதெல்லாம் எதுக்கு? எவனோ ஒருவனுடைய டைல்ஸ் கடைக் கணக்கை நேரத்துக்குப் போட்டதற்காக நான் எதை விட்டுக்கொடுத்தேன்? அதற்குள்ளே இன்னொரு கேள்வியும் இருந்தது. அப்பா எதற்கு நான்கு தடவை கூப்பிட்டார்? நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லவா? அதை அம்மாவிடம் கேட்டால் தெரிந்துவிடும். கேட்கவில்லை. அதற்குப் பதிலாகப் புத்தகம் வாங்க ஆரம்பித்தேன்.

காலேஜில் கூடப் படித்த நண்பன் ஒருவன், நல்ல எண்ணத்தில்தான், ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' நாவலைக் கொடுத்தான். வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழில் செய்தது. அம்மா செத்த செய்தியோடு கதை தொடங்குகிறது. மகன் அழவில்லை. பிற்பாடு ஒரு கொலை வழக்கில் அவன் மாட்டும்போது, கொலையை விட அம்மாவின் சாவுக்கு அவன் அழாததைத்தான் கோர்ட்டில் பெரிதாகப் பேசுகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அதைப் படித்து முடித்தேன். அத்தை சொன்ன 'கல்லு' என்ற சொல்லுக்கு உலகத் தரத்தில் ஒரு வக்கீல் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நான் கல் இல்லை, உலகத்தின் அபத்தத்தைப் பார்த்துவிட்டவன் என்று எனக்கு நானே பட்டம் கட்டிக்கொண்டேன். இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அது பெரிய ஆறுதல்.

அடுத்து காம்யுவின் சிசிஃபஸ் பற்றிய கட்டுரை நூல். சிசிஃபஸ் என்பவன் கிரேக்கப் புராணத்தில் மலைமேல் ஒரு கல்லை முடிவே இல்லாமல் உருட்டிக்கொண்டிருப்பவன். 1942இல் வந்தது. அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் படித்தேன். தற்கொலை ஒன்றுதான் உண்மையிலேயே முக்கியமான தத்துவப் பிரச்சினை என்று எடுத்த எடுப்பிலேயே சொல்கிறார். பதினைந்து பக்கம் படித்தேன், மூடி வைத்தேன். அந்த முதல் வரி மட்டும் மண்டைக்குள் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் புத்தகம் முழுக்கவே 'அப்படியானால் சாகலாமா' என்ற கேள்விக்கு 'கூடாது' என்று வாதாடுகிற புத்தகம் என்பது எனக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. கல்லை உருட்டுகிறவனைச் சந்தோஷமானவனாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும் என்றுதான் அந்தக் கட்டுரை முடிகிறது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த வகைப் புத்தகங்கள் பலவற்றில் முன்பாதி முழுக்க இருட்டாக இருக்கும். எழுதியவன் அங்கிருந்து வெளியே வந்த கதை பின்பாதியில்தான் இருக்கும். பாதியில் மூடினால் இருட்டு மட்டும் நம்மோடு வந்துவிடும். மனசு சரியில்லாத நேரத்தில் இப்படி ஒரு புத்தகத்தை எடுத்தால், கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிடுங்கள். துப்பறியும் கதையா என்ன, கெட்டுப்போவதற்கு? இன்னொன்று, ராத்திரி பத்து மணிக்கு மேல் படிக்காதீர்கள். பகலில் வெறும் வாக்கியமாக இருப்பது ராத்திரி இரண்டு மணிக்குத் தீர்ப்பாகிவிடுகிறது.

2023 ஜனவரியில் சென்னை புத்தகக் கண்காட்சிக்கென்றே மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் பிடித்துப் போனேன். நந்தனத்தில் இரண்டு நாள் சுற்றி, இரண்டு கட்டைப்பைகள் நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன். பதினோராயிரத்துச் சொச்சம். ஐரோப்பியத் தத்துவவாதிகள் நீட்சே, கீர்க்கெகார்ட், ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி, பௌத்தத் தத்துவவாதி நாகார்ஜுனர் பற்றி ஒன்று, சைவ சித்தாந்தம் பற்றி இரண்டு. அதில் பாதியை இன்றுவரை பிரிக்கவில்லை. வாங்கும்போது படித்துவிட்ட மாதிரியே ஒரு நிறைவு வரும், அது மூன்று நாள் தாங்கும், நான்காம் நாள் அடுத்த ஆர்டர். கணக்கு எழுதுகிறவன் தன் வீட்டுக் கணக்கை எழுத மாட்டான் என்பார்கள், நான் அப்படித்தான் இருந்தேன். நீட்சே விஷயத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. கொஞ்சம் படித்ததுமே, அவர் சொல்கிற மாதிரி, சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் மந்தையாகத் தெரிய ஆரம்பித்தார்கள். மனைவியின் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டேன். "சடங்குல எனக்கு நம்பிக்கை இல்ல" என்றேன். "உங்க அப்பா காரியத்துக்கு அந்தச் சித்தப்பாதான் மூணு நாள் பந்தி பரிமாறினாரு. அதுவும் சடங்குதான்" என்றாள் அவள். என்னிடம் பதில் இல்லை. புத்தகத்தில் தேடினால் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு ஆன்லைன் தத்துவ வகுப்பு. பெயர் வேண்டாம். 22,000 ரூபாய். மூன்று மாதத்தில் கீழைத் தத்துவம், மேலைத் தத்துவம் இரண்டையும் சேர்த்து 'வாழ்வின் பொருளை' அடையலாம் என்று விளம்பரம். வாரம் ஒரு பேருரை, கேள்வி கேட்க ஐந்து நிமிடம், அதற்குள் நூற்று எண்பது பேர். ஆறாவது வாரம் 'அடுத்த நிலை' வகுப்புக்கு 45,000 கட்டச் சொன்னார்கள். நல்லவேளை, அந்த மாதம் அக்கவுண்டில் அவ்வளவு பணம் இல்லை. அறிவு கொடுக்கிற யாருக்கும் கூலி கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் அடைய வேண்டிய இடத்துக்குத் தேதி போட்டு விற்கிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நான் அதே ஆண்டு மார்ச்சில் இன்னும் பெரிய முட்டாள்தனமாக வேலையை விட்டேன். சம்பளமில்லா விடுப்பு கேட்டிருந்தால் ஆடிட்டர் சார் கொடுத்திருப்பார், பிறகு அவரே சொன்னார். எனக்கு அப்போது ராஜினாமாக் கடிதம்தான் காவியமாகத் தெரிந்தது.

கையில் வேலை இல்லை, திருவண்ணாமலைக்குப் போனேன். மூன்று மாதத்தில் ஆறு தடவை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலோடு நடந்தேன். ரமணரின் 'நான் யார்?' சின்னப் புத்தகம், ஒரு டீ, வடை செலவுக்கு வாங்கிவிடலாம். நான் வாங்கியதிலேயே குறைந்த விலைப் புத்தகமும் நிறைய தடவை படித்த புத்தகமும் அதுதான். சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் கேட்ட கேள்விகளுக்கு, அப்போது இளைஞராக இருந்த ரமணர் மௌனத்திலிருந்தபடி எழுதிக் காட்டிய பதில்கள். அந்த இடத்தின் அமைதி பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. ஆனால் நான் அங்கே உட்கார்ந்து 'நான் யார்' என்று கேட்டபோதெல்லாம் உள்ளேயிருந்து வந்த பதில் ஒன்றுதான்: போனை எடுக்காதவன். கண்ணை மூடினால் அந்த நான்கு மிஸ்டு கால். அதோடு எழுந்து பஸ் ஏறி வந்துவிடுவேன். இதற்கிடையே மனைவி தன் சங்கிலியை அடகு வைத்து ஸ்கூல் ஃபீஸ் கட்டியிருக்கிறாள். அந்த விஷயம் எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும். அடகுச் சீட்டு நீட்சே புத்தகத்துக்குள் இருந்தது. நான் திறக்க மாட்டேன் என்று நம்பி அங்கே வைத்திருக்கிறாள்.

ஆகஸ்டில் தூக்கம் ராத்திரிக்கு இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. ஒன்பது கிலோ குறைந்திருந்தேன். மொட்டை மாடிக்குப் போய் நிற்கும் நேரம் கூடிக்கொண்டே போனது. அதை இதற்கு மேல் விவரிக்கப் போவதில்லை. ஒரு நாள் மனைவி "ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம், கெளம்புங்க" என்றாள். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு. நான் காம்யுவைப் பற்றி விவாதிக்கத் தயாராகப் போயிருந்தேன், சத்தியமாக. என்னை விட வயது குறைந்த பெண் மருத்துவர். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, சாப்பாடு ருசிக்கிறதா, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்குத்தான் முதன்முதலாக உண்மையைச் சொன்னேன். அப்பா இறந்து எத்தனை மாதம் என்று கேட்டார். பதினொன்று என்றேன். "அழுதீங்களா?" என்றார். அங்கேயே, சீட்டு போட நிற்கும் கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி, அழுதேன்.

எனக்கு இருந்தது மனச்சோர்வு நோய். ஒன்பது மாதம் மாத்திரை. மூன்றாவது வாரமே தூக்கம் திரும்பியது, அப்புறம் மெதுவாகப் பசி. இதைப் படிக்கும் யாருக்காவது இப்படி இருந்தால் ஒரு சின்னப் பரிசோதனை சொல்கிறேன். கேள்வி மட்டும் தொந்தரவு செய்கிறதா, கேள்வியோடு சேர்ந்து தூக்கமும் சாப்பாடும் போய்விட்டனவா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் நூலகத்துக்கு முன்னால் மருத்துவரிடம் போங்கள். கிளம்பத் தயக்கமாக இருந்தால் டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416 இருக்கிறது. காசு இல்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். வாழ்க்கையின் பொருள் பற்றி உலகத்தில் அதிகம் பேர் கையில் எடுத்த புத்தகங்களில் ஒன்றை எழுதிய விக்டர் ஃபிராங்கல், ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து பிழைத்து வந்தவர், வியன்னாவில் மனநல மருத்துவராகத்தான் இருந்தார். அவர் புத்தகத்தை இரண்டு தடவை அடிக்கோடு போட்டுப் படித்த எனக்கு, அவர் தொழில் பார்க்கிற ஒருவரிடம் போகலாம் என்று தோன்றவே இல்லை!

மாத்திரை சாப்பிட்டதும் கேள்வி ஓடிப்போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். அது இருந்தது. நான்தான் கொஞ்சம் தேறியிருந்தேன். நவம்பரில் பழைய ஆபீஸிலேயே சேர்ந்தேன், சீனியாரிட்டி போனது, சம்பளம் மூவாயிரம் குறைவு. புத்தகம் வாங்குவதை நிறுத்தி மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினரானேன். அங்கே எடுத்துப் பதினைந்து நாள் வைத்திருந்தும் திரும்பக் கொடுக்க மனசு வராத புத்தகத்தை மட்டும் வாங்குவது என்று முடிவு. அப்படிப் பார்த்தால் இரண்டு வருஷத்தில் ஐந்து புத்தகம்தான் வாங்கியிருக்கிறேன். பழந்தமிழ் நூல்களுக்கு அதுவும் தேவையில்லை, மதுரைத் திட்டம் 1998 முதல் இலவசமாகவே இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. அதை அப்போது யாராவது சொல்லியிருந்தால் கொஞ்சமாவது மிச்சமாகியிருக்கும். சரி, கணக்கைச் சொல்லிவிடுகிறேன். புத்தகம் 41,600. வகுப்பு 22,000. திருவண்ணாமலையும் சென்னையும் போய் வந்தது 13,400. ஏழு மாதச் சம்பளம் 28,000 வீதம் 1,96,000. மொத்தம் 2,73,000 ரூபாய், அடகு வட்டி தனி. இதை எக்ஸெலில் போட்டு மனைவியிடம் காட்டினேன். "சித்தப்பா பொண்ணு கல்யாண மண்டபத்துல எடுத்த போட்டோல நீங்க இல்ல, அத எந்தக் காலத்துல போடுவீங்க?" என்று கேட்டாள்.

நூலகத்தில் எடுத்த முதல் புத்தகம் டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்'. 1886இல் வந்த குறுநாவல். ஒரு கோர்ட் அதிகாரி செத்துப்போகிறார். செய்தி கேட்ட சக அதிகாரிகளுக்கு முதலில் ஓடுவது யாருக்குப் பதவி உயர்வு என்ற கணக்கு. நோயில் கிடந்த நாட்களில் வீட்டில் எல்லோரும் 'சரியாகிவிடும்' என்று பொய் சொல்கிறார்கள். கெராசிம் என்ற வேலைக்காரப் பையன் மட்டும் அவருடைய கால்களைத் தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ராத்திரி உட்கார்ந்திருக்கிறான், அப்படி இருந்தால் அவருக்கு வலி குறைகிறது. இந்த முறை பகலில், நூலக மேஜையில், தினம் பத்துப் பக்கம் என்று படித்தேன். அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். அப்பாவுக்குச் சர்க்கரையில் பாதம் மரத்துப்போயிருந்தது. நான் அந்தப் பாதத்தைத் தொட்டது அவர் செத்த பிறகு, குளிப்பாட்டும்போது. அதற்கு மேல் அன்று எதையும் படிக்கவில்லை, வாசலில் வந்து டீ குடித்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

போகும் வழியில் டால்ஸ்டாய் தன் நெருக்கடியைப் பற்றி எழுதிய வாக்குமூலம் நினைவில் ஓடியது. ஐம்பது வயதை நெருங்கும்போது, பெயர், நிலபுலன், உடம்பு எல்லாம் நன்றாக இருக்கும்போதே அவருக்கு இந்தக் கேள்வி வந்து, தூக்கு மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து கயிற்றை ஒளித்து வைத்தவர், வேட்டைக்குத் துப்பாக்கி எடுப்பதை நிறுத்தியவர். அதில் ஒரு கீழை நாட்டுக் கதை சொல்கிறார். காட்டு மிருகத்துக்குப் பயந்து ஒருவன் பாழுங்கிணற்றுக்குள் இறங்குகிறான், அடியில் வாய் பிளந்த டிராகன், அவன் பற்றியிருக்கும் செடியை வெள்ளை எலி ஒன்றும் கறுப்பு எலி ஒன்றும் கடிக்கின்றன, இலையில் இரண்டு சொட்டுத் தேன், அதை நக்குகிறான். டால்ஸ்டாய்க்கு அந்தத் தேன் இனிக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சுவாக்கில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். ரஷ்யாக்காரர் எழுதியது என்றேன்.

"எந்த ரஷ்யாக்காரன்? இது விதுரன் திருதராஷ்டிரனுக்குச் சொன்னதுல்ல? சின்னப் பொண்ணா இருக்கறப்ப திரௌபதை அம்மன் கோயில்ல பாரதம் படிப்பாங்க, அதுல வரும். மேல ஒரு ஆனை நிக்குமே, ஆறு மொகம், பன்னெண்டு காலு, அத விட்டுட்டியே?" என்றாள் அம்மா. ஆறு முகம் ஆறு பருவம், பன்னிரண்டு கால் பன்னிரண்டு மாதம். மகாபாரதத்தில் ஸ்திரீ பர்வத்தில் இருக்கிறது, பிறகு தேடிப் பார்த்துக்கொண்டேன். மாதாமாதம் 20ஆம் தேதிக்குப் பயந்து ஓடுகிற எனக்குப் பன்னிரண்டு கால் யானை நன்றாகவே புரிந்தது. "அந்த எலி, கறுப்பு எலி, போன வருஷம் நம்ம வீட்லயும் ஒண்ணு இருந்துச்சு, உங்கப்பா நல்ல வேட்டிய கடிச்சிருச்சு" என்று சொல்லிச் சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அந்தத் தைரியத்தில் கேட்டேன். அன்னிக்கு அப்பா எதுக்கும்மா அத்தனை தடவ போன் பண்ணாரு?

"அதுவா? மோட்டார் ஓடல. ரிப்பேர்காரன் நம்பர் ஒங்கிட்டதான இருந்துச்சு, அதக் கேக்கத்தான். நெஞ்சு வலியெல்லாம் அப்புறம், ஏழு மணிக்கு மேலதான் வந்துச்சு. ஏன், இத்தன நாளா இதயா நெனச்சிட்டிருந்த?"

பதினான்கு மாதம். இரண்டு லட்சத்து எழுபத்து மூவாயிரம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஐந்து பேர் ஒரு பூங்காவில் உட்கார்ந்து படிக்கிறோம். தபால் துறையில் ரிட்டயர் ஆன ஓர் அம்மா, திருவெறும்பூர்ப் பக்கம் லேத் பட்டறையில் வேலை செய்பவர், இரண்டு காலேஜ் பிள்ளைகள், நான். ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும், மற்றவர்கள் புத்தகத்தைப் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான் விதி. தனியாகப் படித்தபோது நான் எழுத்தாளனை என் பக்கம் சாட்சி சொல்ல வைத்துக்கொண்டிருந்தேன். நான்கு பேர் எதிரே இருந்தால் அது நடக்காது, யாராவது ஒருவர் 'எனக்கு அப்படித் தோணலையே' என்பார். ஒரு வாரம் பக்குடுக்கை நன்கணியாரின் புறநானூற்றுப் பாட்டு, 194. ஏழே வரி. ஒரு வீட்டில் சாவுப் பறை, ஒரு வீட்டில் கல்யாண முழவு. கூடியவள் பூச்சூடுகிறாள், பிரிந்தவள் கண்ணில் நீர் கொட்டுகிறது. இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று கடவுளையே வைதுவிட்டு, 'இன்னாது அம்ம, இவ்வுலகம். இனிய காண்க, இதன் இயல்புணர்ந் தோரே' என்று முடிக்கிறார். 'இனிய' என்றால் நல்ல செய்கைகளா, இல்லை இனிமையானவற்றையே சொல்கிறாரா என்று காலேஜ் பிள்ளைகள் சண்டை போட்டார்கள். லேத் பட்டறைக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க தெருவுல போன மாசம் இதேதான். எதிர்த்த வீட்ல சாவு, கல்யாண வீட்டு ஸ்பீக்கர நிறுத்தச் சொல்லிப் போனது நான்தான். நிறுத்திட்டு, பொண்ணோட அப்பா மாலையோட வந்து எழவு வீட்ல ஒக்காந்தாரு" என்றார். அந்தப் பாட்டுக்கு நான் நான்கு உரைகள் பார்த்திருக்கிறேன், இது எதிலும் இல்லை.

போன 20ஆம் தேதி, சாயங்காலம் ஆறே கால். இரண்டு ரிட்டர்ன் பாக்கி, ஓடிபி வந்துவிட்டது, டைப் செய்ய வேண்டியதுதான். அம்மா போன். எடுத்தேன். "மோட்டார் திரும்பவும் மக்கர் பண்ணுதுடா, அந்த ரிப்பேர்காரன் நம்பர் சொல்லு." சொன்னேன். அவளுக்கு எழுதிக்கொள்ளப் பேனா கிடைக்கவில்லை, காலண்டர்த் தாளில் கரியால் எழுதுகிறேன் என்றாள், இரண்டு தடவை திரும்பச் சொன்னேன். அதற்குள் போர்ட்டல் லாக்-அவுட் ஆகிவிட்டது. மறுபடி முதலிலிருந்து உள்ளே போய் ஓடிபி கேட்டேன்.